துளியும் புள்ளியும்: ஆங்கிலத்தின் சிற்றளவுச் சொற்கள்

தமிழில் ‘கொஞ்சம்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் பாதிக் காரியங்களை நடத்திவிடுகிறோம். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கடன், கொஞ்சம் சந்தேகம், கொஞ்சம் தள்ளி உட்காருங்க. ஆங்கிலத்துக்குப் போனால் இந்த இடத்தில் ஒரு பெரிய வரிசையே நிற்கிறது. ஐயோட்டா, ஜாட், டிட்டில், விட், மைட், பிட், பிஞ்ச், டேஷ், ஸ்மிட்ஜன், ஸ்பெக், மோட், ஃப்ளெக், ஸ்க்ரூப்பிள், டிரேஸ் என்று சொல்லிக்கொண்டே போகலாம். அகராதியைப் பிரித்தால் பெரும்பாலானவற்றுக்கு ‘சிறிதளவு’ என்றோ ‘சிறு புள்ளி’ என்றோ பொருள் போட்டிருக்கும். ஆனால் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றை வைத்தால் வாக்கியம் நொண்டும். சில சமயம் பணமும் போகும்.

அடியேன் புலவர் பட்டம் பெற்றவனல்லன். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம் ஒன்றில் பிறந்து, பிழைப்புக்காகப் பம்பாய் வந்து, முதலில் மஸ்ஜித் பந்தரிலும் பின்னர் வாஷியிலும் மஞ்சள், மிளகு, மிளகாய் வற்றல் தரகு பார்த்தவன். அளவுகளோடு பழகியே வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வெளிநாட்டுப் பார்ட்டிகளின் கடிதங்களைப் படிக்க வேண்டிய கட்டாயத்தில்தான் ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கினேன். தேடியதில் தெரிந்தது இதுதான். இந்தச் சின்னச் சொற்களில் பல, ஒரு காலத்தில் யாரோ ஒரு தொழிலாளியின் கையிலிருந்த கருவியிலிருந்தோ பொருளிலிருந்தோ வந்தவை. ஒரு சொல் எங்கே பிறந்தது, இன்று என்ன வேலை பார்க்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் குழப்பம் வராது. அந்த இரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்தாணி முனையில் பிறந்தவை

ஐயோட்டா என்பது கிரேக்க நெடுங்கணக்கில் உள்ள ஓர் எழுத்து. ஒரே ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். எழுத்துகளிலேயே மிகச் சிறியது என்பதால், மிகச் சிறிய அளவுக்கே அது பெயராகிவிட்டது. லத்தீனில் ‘ஐ’ எழுத்தும் ‘ஜே’ எழுத்தும் முற்காலத்தில் ஒன்றாகவே இருந்தன. ஆகவே அதே ஐயோட்டா ஆங்கிலத்தில் இன்னொரு வழியாக நுழைந்து ஜாட் என்றும் ஆயிற்று. ‘ஜாட் டவுன்’ என்று குறித்துக்கொள்ளச் சொல்கிறோமே, அதுவும் இந்த ஜாட்தான்.

ஜாட்டுக்குத் துணையாக எப்போதும் டிட்டில் வரும். இது எழுத்தின் மேல் வைக்கும் சிறு கோடு அல்லது புள்ளி. ஆங்கிலச் சிறிய ‘ஐ’ எழுத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் புள்ளிக்கு இன்றும் டிட்டில் என்றே பெயர். ‘டிட்டுலஸ்’ என்னும் லத்தீன் சொல்லே இதற்கு மூலம். அதே மூலத்திலிருந்துதான் சினிமாவில் போடுகிற டைட்டிலும் வந்தது. ஒன்று திரை முழுதும் நிற்கிறது, இன்னொன்று ஓர் எழுத்தின் உச்சியில் நிற்கிறது; இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! வில்லியம் டிண்டேல் 1526-இல் வெளியிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாட்டிலும், 1611-இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பதிப்பிலும் ஜாட், டிட்டில் இரண்டும் ஜோடியாக மத்தேயு சுவிசேஷத்தில் இடம் பெற்றதால் அவை பொதுமக்கள் வாய்க்கு வந்தன.

இந்த டிட்டில் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. ஐரோப்பியர் கையால் ஏடெழுதிய காலத்தில் ‘ஐ’, ‘எம்’, ‘என்’, ‘யு’ ஆகிய எழுத்துகள் எல்லாமே ஒரே மாதிரிச் சிறு நேர்கோடுகளால் ஆனவை. அக்கோட்டுக்கு மினிம் என்று பெயர். நான்கு மினிம்கள் அடுத்தடுத்து நின்றால் அது எந்த எழுத்துகளின் சேர்க்கை என்று தெரியாது. அதைப் பிரித்துக் காட்டவே ‘ஐ’ மேல் ஒரு சிறு கீற்றுப் போடத் தொடங்கினார்கள். நம்மவர்களுக்கு இது புதிதல்ல. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லியிருந்தும், ஓலை கிழியும் என்று பயந்து புள்ளி வைக்காமல் எழுதிய சுவடிகளே அதிகம். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள், புள்ளியில்லாத ஏடுகளோடு பட்ட பாடு நாம் அறிந்ததே. ஒரு புள்ளி இல்லையென்றால் ஒரு சொல்லே மாறிவிடும் என்பதை ஏடு படித்தவர்கள்தான் நன்றாக உணர்வார்கள்.

டாட் என்ற சொல்லின் பிறப்பு சற்று அருவருப்பானது. பழைய ஆங்கிலத்தில் அது கொப்புளத்தின் முனைக்குப் பெயர். பிறகு நெடுங்காலம் எழுத்தில் காணாமல் போய், 16-ஆம் நூற்றாண்டில் மீண்டும் தலைகாட்டியது. பாயிண்ட் என்பதோ ‘குத்து’ என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஊசியால் குத்திய தடமே புள்ளி. நம் சைக்கிள் ‘பஞ்சர்’ ஆகிறதே, அதுவும் அதே குத்துதான்.

தராசுத் தட்டில் பிறந்தவை

வியாபாரிக்குப் பிடித்த பகுதி இது. கிரெயின் என்றால் தானியமணி. ஒரு தானியமணியின் எடையை அடிப்படையாக வைத்தே ஆங்கிலேயர் தம் நிறை அளவுகளைக் கட்டினார்கள். 1959 முதல் ஒரு கிரெயின் 64.79891 மில்லிகிராம் என்று அறுதியிட்டிருக்கிறது. மருந்துக்கடைக் கணக்கில் 20 கிரெயின் ஒரு ஸ்க்ரூப்பிள், 3 ஸ்க்ரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஓர் அவுன்ஸ். ஆக ஓர் அவுன்ஸ் 480 கிரெயின். பிரிட்டிஷ் இந்தியாவில் நம் தோலாவை 180 கிரெயின் என்று நிர்ணயித்ததும் இந்தக் கணக்கில்தான். நம் தட்டார்களின் குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயினுக்குச் சமம்.

கிரெயின் செத்துப்போன அளவு என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரை ஏன் 325 மில்லிகிராம் என்ற விநோதமான எண்ணில் வருகிறது? ஐந்து கிரெயின் என்பதே காரணம். அமெரிக்காவில் இதயத்துக்காகச் சாப்பிடும் 81 மில்லிகிராம் மாத்திரை அதில் கால் பங்கு. துப்பாக்கிக் குண்டின் எடையையும் பல நாடுகளில் இன்றும் கிரெயினில்தான் சொல்கிறார்கள்.

காரட்டுக்கு மூலம் கரோப் என்ற மத்தியதரைக்கடல் மரத்தின் விதை. அதன் காய் கொம்பு போல் வளைந்திருப்பதால் கிரேக்கர் ‘சிறு கொம்பு’ என்று பெயரிட்டார்கள். அது அரபு வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. வைரத்தின் காரட் 200 மில்லிகிராம் என்று 1907-இல் சர்வதேச மாநாட்டில் ஏற்றார்கள். சாம்பாரில் போடும் காரட் வேறு வம்சம். இதற்கும் அதற்கும் உறவில்லை.

நீர்ப்பொருளுக்கு மினிம் என்று ஓர் அளவு இருந்தது. ஏட்டில் சிறு கோடாக இருந்த அதே மினிம்தான், ‘மிகச் சிறியது’ என்ற பொருளில். ‘இத்தனை சொட்டு’ என்று மருந்து கொடுத்தால் கெட்டியான திரவத்தின் சொட்டு வேறாகவும் நீர்த்த திரவத்தின் சொட்டு வேறாகவும் இருக்கும். சீசாவின் வாய்க்கேற்பவும் மாறும். அந்தத் தொல்லையைத் தவிர்க்க வந்ததே மினிம். நாமும் ‘மருந்துக்குக்கூட இல்லை’ என்கிறோம். மருந்துக்கடைதான் சிற்றளவின் தாய்வீடு என்பது இரண்டு மொழிக்கும் தெரிந்திருக்கிறது.

இவற்றில் ஸ்க்ரூப்பிளின் கதை தனி. லத்தீனில் அது கூரான சின்னக் கல். செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல உள்ளே உறுத்திக்கொண்டே இருப்பதற்கும் அச்சொல்லையே ரோமானியர் பயன்படுத்தினார்கள். ஆகவே ஆங்கிலத்தில் ஸ்க்ரூப்பிள் என்றால் ஒரு பக்கம் 20 கிரெயின் எடை, மறுபக்கம் மனச்சாட்சியின் உறுத்தல். எடைக்கல் வழக்கொழிந்தது, உறுத்தல் மட்டும் நின்றது. ‘ஸ்க்ரூப்பிள் இல்லாத ஆள்’ என்று ஒரு வியாபாரியைச் சொன்னால் அவனிடம் சரக்கு வாங்காதே என்று பொருள்.

வாயிலும் கையிலும் பிறந்தவை

பிட் என்றால் கடித்தெடுத்த துண்டு. கடிப்பது என்னும் வினையின் பிள்ளை. மோர்ஸல் என்பதும் கடியே. அது லத்தீன் வழி வந்த கடி, பிட் உள்ளூர்க் கடி. நாம் ‘பிட் நோட்டீஸ்’ என்றும் ‘பரீட்சையில் பிட் அடித்தான்’ என்றும் சொல்வதில் இருப்பது இந்தத் துண்டுதான். கம்ப்யூட்டரில் வரும் பிட் மட்டும் வேறு. அது ‘பைனரி டிஜிட்’ என்ற இரண்டு சொற்களைக் குறுக்கியது. ஜான் டூக்கி என்ற அறிஞர் உண்டாக்கிய அச்சொல் 1948-இல் கிளாட் ஷானனின் கட்டுரை வழியாகப் பரவியது. ஆனால் குறுக்கும்போது ‘சின்னத் துண்டு’ என்ற ஒலியும் பொருத்தமாக வாய்த்தது.

பிஞ்ச் என்றால் கிள்ளு. இரண்டு விரலுக்குள் அடங்கிய உப்பு. டேஷ் என்றால் வீசித் தெளித்தது. எலுமிச்சைச் சாறு போன்ற திரவத்துக்குப் பொருந்தும். டேட் என்று ஒரு சொல் உண்டு. ஒலி தேதியைப் போலிருந்தாலும் அது வேறு. தலைப்பிரட்டையைக் குறிக்கும் டேட்போல் என்பதன் முதற்பாதியாக இருக்கலாம் என்பார்கள். முன்னே அமெரிக்காவில் சின்னப் பையனைக் குறித்தது, பிறகு சின்ன அளவைக் குறித்தது. ஸ்மிட்ஜனும் அமெரிக்க வீட்டுச் சொல்.

இங்கே ஒரு வேடிக்கை. எடையாக இருந்த ஸ்க்ரூப்பிளும் டிராமும் வெறும் பேச்சாகத் தேய்ந்துகொண்டிருக்க, பேச்சாக இருந்த பிஞ்சும் ஸ்மிட்ஜனும் அளவாக உயர்ந்திருக்கின்றன. அமெரிக்கக் கடைகளில் விற்கும் சில கரண்டிச் செட்டுகளில் டேட் என்றால் கால் டீஸ்பூன், டேஷ் அரைக்கால், பிஞ்ச் வீசம், ஸ்மிட்ஜன் அரைவீசம் என்று பொறித்திருக்கிறார்கள். அதாவது 1/4, 1/8, 1/16, 1/32. கால், அரைக்கால், வீசம் என்று வாய்ப்பாடு சொன்ன நம் முன்னோர் இதைப் பார்த்தால் ‘நம்ம கணக்குதானே’ என்று சிரித்திருப்பார்கள். நமக்கு முந்திரி 1/320. அதற்கும் கீழே கீழ்முந்திரி 1/1,02,400. இம்மி அதனினும் சிறியது.

மைட் என்பது பழைய ஃபிளாண்டர்ஸ் நாட்டின் மிகச் சிறிய செப்புக்காசு. ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசு பற்றிய பைபிள் கதையால் அது புகழ் பெற்றது. ‘என்னால் ஆன மைட்’ என்று நன்கொடைக் கடிதத்தில் எழுதுவது அதனால்தான். சிற்றுண்ணிக்கும் மைட் என்றே பெயர்.

தூசியும் கறையும்

சிறு புள்ளிகளைக் குறிக்கும் சொற்களில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

டாட் என்பது வைத்த புள்ளி. பேனாவோ அச்சோ வைத்தது. ஸ்பெக் என்பது தானாக விழுந்து ஒட்டிய துணுக்கு. கண்ணாடியில் தூசி, சட்டையில் மசி. மோட் என்பது காற்றில் மிதப்பது. ஜன்னல் வழியே வெயில் கற்றை விழும்போது அதில் ஆடும் தூசு. ஃப்ளெக் என்பது நிறத்தின் சிதறல்; நரைத் துளி, பொன் துணுக்கு. ஸ்பாட் இவற்றைவிடப் பெரியது. கறைக்கும் பெயர், இடத்துக்கும் பெயர். அதனால்தான் ‘ஸ்பாட் விலை’ என்றால் கறை படிந்த விலை அல்ல, கைமேல் சரக்கு, கைமேல் காசு என்ற விலை. பிறர் கண்ணில் உள்ள சின்னக் குறையைப் பெரிதாகப் பார்ப்பவனைக் கண்டிக்கும் இடத்தில் ஆங்கில பைபிள் மோட் என்கிறது. தமிழ் பைபிளில் அது துரும்பாயிற்று. தூசுக்கும் துரும்புக்கும் அளவில் வேறுபாடு உண்டு. ஆனாலும் எதிரே உத்திரத்தை நிறுத்தும்போது தமிழ்க் காதுக்குத் துரும்பே பொருந்துகிறது.

ஆட்டம் என்றால் கிரேக்கத்தில் ‘வெட்ட முடியாதது’. இடைக்கால ஐரோப்பாவில் காலத்துக்கும் அதை அளவாக்கி, ஒரு மணி நேரத்துக்கு 22,560 ஆட்டம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். பிரிக்க முடியாத பரமாணு என்றும், காலத்தின் மிகச் சிறு கூறு ‘சமயம்’ என்றும் எங்கள் சமண நூல்கள் பேசுவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். பிற்கால விஞ்ஞானம் ஆட்டத்தை உடைத்துவிட்டது. பெயர் மட்டும் உடையாமல் நிற்கிறது.

‘இல்லை’ என்பதன் உள்ளே ஒரு துளி

இனி, இச்சொற்கள் இன்று பார்க்கும் வேலைக்கு வருவோம். முதல் வேலை மறுப்பது. ஐயோட்டா, ஜாட், விட், ஷ்ரெட், சிண்டில்லா ஆகியவை பெரும்பாலும் ‘இல்லை’யோடு சேர்ந்தே வாழ்பவை. ‘ஐயோட்டாவும் உண்மை இல்லை’ என்று எழுதலாம். ‘எனக்கு ஓர் ஐயோட்டா சர்க்கரை கொடுங்கள்’ என்றால் கேட்பவர் சிரிப்பார். நம் ‘எள்ளளவும்’, ‘இம்மியும்’ போல. ‘இம்மி காப்பி போடம்மா’ என்று யாரும் கேட்பதில்லை அல்லவா? சிண்டில்லா என்றால் லத்தீனில் தீப்பொறி. சாட்சியம் பொறியளவும் இல்லை என்று வக்கீல்கள் வாதாடும்போது அது வெளியே வரும்.

இவற்றுள் விட் என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘விஹ்ட்’ என்றால் ஒரு பொருள் அல்லது ஒரு ஜீவன். அதன் முன்னே ‘ந’ என்ற மறுப்பைச் சேர்த்து ‘ஒரு பொருளும் இல்லை’ என்று அழுத்திச் சொன்னார்கள். அந்த அழுத்தச் சொல் நாளடைவில் தேய்ந்து தேய்ந்து, இன்று நாம் தினம் சொல்லும் ‘நாட்’ ஆகிவிட்டது. ஜெர்மானியரின் ‘நிஹ்ட்’டும் அதே வழி. ஆக ஆங்கிலத்தின் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு உள்ளேயே ஒரு துளி ஒளிந்திருக்கிறது! பிரெஞ்சுக்காரர் இன்னும் ஒருபடி மேலே. அவர்கள் மறுப்புக்குச் சேர்த்த ‘பா’ என்பது காலடி, ‘புவான்’ என்பது புள்ளி. ஒரு அடியும் நடக்கவில்லை, ஒரு புள்ளியும் இல்லை என்று தொடங்கி, அடியும் புள்ளியுமே மறுப்புச் சொற்களாகிவிட்டன. டென்மார்க் இலக்கண அறிஞர் ஆட்டோ யெஸ்பெர்சன் 1917-இல் எழுதிய நூலில் இந்தச் சுழற்சியை விளக்கினார். மறுப்புச் சொல் பலவீனமாகும்போதெல்லாம் மக்கள் ஒரு சிற்றளவுச் சொல்லைத் துணைக்கு அழைக்கிறார்கள். அதுவும் தேய்ந்ததும் இன்னொன்று.

நம் வீட்டுப் பெண்கள் ‘பானையில ஒரு பொட்டுத் தண்ணி இல்ல’ என்று சொல்வதைக் கவனியுங்கள். பொட்டு என்பது புள்ளிதானே? பிரெஞ்சுக்காரன் எழுத்தில் செய்ததை நம்மவர்கள் குழாயடியில் செய்கிறார்கள். ‘குண்டுமணித் தங்கம் இல்லை’, ‘ஒரு பருக்கை மிச்சமில்லை’ எல்லாம் இந்த இனமே. வித்தியாசம் என்னவென்றால், தமிழில் ‘இல்லை’ உறுதியாக நிற்கிறது. பொட்டு அதற்கு மெருகு மட்டும்.

மழுப்புவதும் மாட்டிக்கொள்வதும்

இரண்டாவது வேலை மென்மையாக்குவது. பிட், டேட், டச், லிட்டில் ஆகியவை இதற்கு. ‘விலை எ டேட் அதிகம்’ என்று ஆங்கிலேயர் எழுதினால் உங்கள் விலை அவருக்குக் கட்டவில்லை என்று கொள்க. ‘எ பிட் ஆஃப் எ பிராப்ளம்’ என்றால் பெரும்பாலும் பிட்டு அல்ல, முழுத் தேங்காய். அளவைக் குறைத்துச் சொல்வது அவர்கள் மரியாதை. நாம் ‘கொஞ்சம் வாங்களேன்’ என்று அழைக்கும்போது முழுதாகத்தானே வரச் சொல்கிறோம்? அப்படித்தான்.

மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் ‘ஃபியூ’, ‘லிட்டில்’ ஆகிய இரண்டும். முன்னே ‘எ’ இருந்தால் ‘சில உண்டு, சிறிது உண்டு’ என்று பொருள். ‘எ’ இல்லாவிட்டால் ‘இல்லையென்றே சொல்லலாம்’ என்று பொருள். ஓர் எழுத்துதான், உண்டு இல்லையாகிறது. தமிழில் இத்தகைய முன்னொட்டு வழக்கமில்லாததால் நம்மவர் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

1990-களில் ஒரு விரலி மஞ்சள் பேரத்தில் நான் நடுவில் இருந்தேன். வாங்குபவர் ஐரோப்பியர், விற்பவர் நம் தென்பக்கத்து மில் ஒன்று. உடைந்த விரலி பற்றி வாங்குபவர் நேராக மில்லுக்கு அனுப்பிய பேக்ஸில் ‘எ’ இல்லாமல் ‘ஃபியூ’ என்று எழுதியிருந்தார். மில்காரர் ‘சிலது இருந்தால் பரவாயில்லை என்கிறான்’ என்று படித்து, மூட்டைக்குக் கொஞ்சம் உடைசலும் சேர்த்து ஏற்றிவிட்டார். சரக்கு போய்ச் சேர்ந்ததும் சண்டை. இரண்டு பேரும் அதே பேக்ஸை என் முன்னால் நீட்டினார்கள்.

“பாருங்கண்ணா, அவனே எழுதியிருக்கான்” என்றார் மில்காரர்.

“அண்ணாச்சி, அவர் ‘எ ஃபியூ’ன்னு எழுதலை. ‘ஃபியூ’ன்னு எழுதியிருக்கார். ஏறக்குறைய இருக்கவே கூடாதுன்னு அர்த்தம்” என்றேன்.

“ஒரு ‘எ’வுக்கா இவ்வளவு?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். கடைசியில் விலையைக் குறைத்துக்கொண்டு முடித்தார்கள். ‘நூற்றுக்கு இத்தனைக்கு மேல் உடைசல் கூடாது’ என்று எண்ணாக எழுதியிருந்தால் அந்தச் சண்டைக்கே இடமில்லை. சொல்லால் அளந்ததுதான் வினை.

எண்ணில் உள்ள புள்ளி

எண்ணாக எழுதினாலும் ஆபத்து முழுதாக நீங்குவதில்லை. ஏனென்றால் அங்கேயும் ஒரு டாட் உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும், தசமத்துக்குக் காற்புள்ளியும் வைப்பது வழக்கம். ‘1.500 கிலோ’ என்று அங்கிருந்து கடிதம் வந்தால் அது ஆயிரத்து ஐந்நூறு கிலோ. நம் குமாஸ்தா ஒன்றரைக் கிலோ சாம்பிள் என்று படிப்பார். 2003-இல் கூடிய எடை அளவு மாநாட்டிலும் தசமத்துக்குப் புள்ளியோ காற்புள்ளியோ எதையும் வைக்கலாம் என்றுதான் முடிவாயிற்று. ஆயிரங்களைப் பிரிக்க மட்டும் இரண்டையும் வைக்காமல் இடைவெளி விடச் சொன்னார்கள். நாமும் அப்படி எழுதுவது நல்லது.

மருந்தில் இது பணத்தோடு போவதல்ல. ‘.5’ என்று எழுதியதில் புள்ளி மங்கினால் 5, ‘5.0’ என்று எழுதியதில் புள்ளி மங்கினால் 50. இரண்டும் பத்து மடங்கு. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயிண்ட் கமிஷன், 2004-இல் வெளியிட்ட ‘பயன்படுத்தக் கூடாதவை’ பட்டியலில் இந்த இரண்டு எழுத்துமுறையையும் சேர்த்தது. 0.5 என்று முன்னே சுழியம் இட வேண்டும். 5 என்று எழுதி நிறுத்த வேண்டும், பின்னே சுழியம் கூடாது. கிரெயினுக்கும் கிராமுக்கும் உள்ள சுருக்கெழுத்துக் குழப்பமும் இப்படித்தான். ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் பதினைந்து மடங்குக்கு மேல் வேறுபாடு. வீட்டில் மருந்துச் சீட்டு வந்தால், புள்ளி எங்கே இருக்கிறது என்று பெரியவர்கள் ஒருமுறை பார்த்து, ஐயமிருந்தால் டாக்டரையே கேட்டுவிட வேண்டும்.

வட்டிக் கணக்கிலும் ‘பேஸிஸ் பாயிண்ட்’ என்று ஒரு புள்ளி உண்டு. சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு. கேட்க அற்பம், ஒரு கோடி ரூபாய்க்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்.

டிரேஸ் என்ற சொல் எப்படி மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். டிரேஸ் என்றால் தடம். இருப்பது தெரியும், அளக்க வராது என்பது பழைய பொருள். அமெரிக்க வானிலை நிலையங்களில் மழை 0.01 அங்குலத்துக்கும் குறைந்தால் எண் போடாமல் டிரேஸ் என்று குறிப்பார்கள். சரக்கு விஷயத்திலோ அந்தச் சொல் இன்று செல்லாது. மஞ்சள், மிளகாய், மிளகு, இஞ்சி ஆகியவற்றில் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்ஸின் ஒரு கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. இருபது டன் மஞ்சளுக்கு இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். மொத்தம் 200 மில்லிகிராம். அதாவது சரியாக ஒரு காரட், மூன்று கிரெயினுக்குச் சற்று மேல். ஒரு கண்டெய்னர் முழுவதையும் திருப்பி அனுப்ப அதற்கு மேல் ஒரு துளி போதும். ‘கொஞ்சம் ஈரம் இருந்தா என்ன’ என்று களத்தில் சொல்லும் அந்தக் கொஞ்சத்தில்தான் பூஞ்சை பிடிக்கிறது.

இளைஞர்களுக்கு

ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வியாபாரி சொல்லக்கூடியவை நான்கு. எண் போட முடிந்த இடத்தில் எண்ணைப் போடுங்கள். மறுப்பதற்கு ஐயோட்டாவும் விட்டும் ஷ்ரெட்டும். கேட்பதற்கும் கொடுப்பதற்கும் பிட்டும் பிஞ்சும் டேஷும் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘எ’ இருக்கிறதா இல்லையா என்று கையெழுத்துக்கு முன்னால் ஒருமுறை படியுங்கள். தசமப் புள்ளிக்கு முன்னே சுழியத்தை விடாதீர்கள்.

வள்ளுவர் சிறியதற்குத் தினையையும் பெரியதற்குப் பனையையும் வைத்துப் பேசினார். தினையளவுக் குற்றத்தையும் பனையளவாகக் காண்பவரே நல்லவர் என்பது அவர் கருத்து. ரோமானியர் எடைக்கல்லுக்கும் மனத்தின் உறுத்தலுக்கும் ஒரே பெயரை வைத்ததும் அந்தக் கருத்துக்கு ஒத்ததே. தராசின் முன் உட்காரும் எவரும் மனத்தில் கொள்ள வேண்டிய சொல் அது.